கதவின் உள்பக்கம்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்; முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? கம்ப்ரசர் அறையில் காதுக்குப் பஞ்சு வைக்கிறாயா, இல்லை மிச்சமிருக்கிற காதையும் அந்த மெஷினுக்கே எழுதி வைத்துவிட்டாயா? உன்னோடு போனில் பேசினால் தெருவே என் வீட்டு விஷயத்தைக் கேட்கிறது, நீ ஒருத்தன்தான் கேட்பதில்லை. அதனால் கடிதமே போதும்.

இங்கே ஒரு புது விஷயம். நம் பழைய பங்க் இருந்த முன்வாசலில் ஒன்பது இடத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். தரையோடு தரையாக இரும்பு மூடி, அதற்கு ஒரு பூட்டு. மூடிக் கிடந்த பங்கின் இரண்டு டாங்கியையும் போன வருஷம் தோண்டி எடுத்தார்கள் என்று எழுதியிருந்தேனே, அப்போது பெட்ரோல் டாங்கியின் அடியில் மண் கறுத்துக் கிடந்ததாம். பங்கை மூடிப் பதினோரு வருஷம் ஆகியும் மண்ணைக் கையில் அள்ளினால் வாசம் அடிக்கிறது. அது நிலத்தடித் தண்ணீரில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு பெண் வருவாள். கையுறை போட்டுக்கொண்டு சின்னச் சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறாள். தெருவில் அவளுக்குப் பாட்டில்காரி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

பங்கின் பழைய அளவு நோட்டுகள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதாவா? பதினெட்டு நோட்டையும் அட்டை கசங்காமல் எடுத்து மேஜையில் வைத்தேன். காலையில் டாங்கியில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, ஒரு நாள் விட்டதில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவ்வளவு சுத்தமான நோட்டை நான் எந்த பங்கிலயும் பார்த்ததில்ல" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய பெண்ணின் கையெழுத்து என்று சொன்னேன். நம்பவில்லை. உன் அத்தான் இருந்திருந்தால் மீசையைத் தடவிக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

பங்க் நடந்த நாளில் எப்போதாவது தரையிலிருந்து வாசம் வந்ததா என்றும் கேட்டாள். எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஏதாவது நினைவு இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

தம்பி. உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது காது முழுசாக விடைபெற்றுக்கொண்டது. இடது காது, கத்தினால் யோசித்துப் பதில் சொல்கிறது. மேஸ்திரி என்னைத் திட்டும்போது நான் தலையாட்டிச் சிரிப்பதால் இந்த ஷெட்டிலேயே பொறுமைசாலி என்று எனக்குப் பேர்.

வாசம் நினைவிருக்கிறதா என்று கேட்கிறாயே! உன்னிடம் வந்து சொன்னதே நான்தானே. மழை பெய்து விட்ட ஒரு காலையில், பம்புக்குப் பின்னால் மழைத் தண்ணீர் இறங்குகிற இடத்தில் பெட்ரோல் வாசம் தூக்குகிறது, டாங்கியைப் பார்க்கச் சொல்லு என்றேன். நீ அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தாய். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன் வேலையை மட்டும் ஒழுங்கா பாரு" என்றாய். அந்தப் பார்வை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அத்தானிடமும் சொன்னேன். "பெட்ரோல் பங்க்ல பெட்ரோல் வாசம் வராம மல்லிகை வாசமாடா வரும்?" என்று சிரித்தார்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லு.

அத்தானைப் பற்றி எழுதியிருந்தாய். அவரைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். சாவுக்குக்கூட வராதவன் இப்போது பேசி என்ன?

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. காதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் போ. நான் சுகம்.

மூன்று மாதம் ஆகும் முன்பே பாட்டில்காரி மறுபடி வந்தாள், ஆரம்பத்தில் கொஞ்சம் அடிக்கடி பார்க்கவேண்டுமாம். அவள் வேலையைப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்க்கிறேன். குழாயில் ஒரு நாடாவை இறக்குகிறாள், தண்ணீரைத் தொட்டதும் அது கீச்சென்கிறது. எத்தனை அடி என்று எழுதிக்கொள்கிறாள். தேங்கிக் கிடக்கிற பழைய தண்ணீரை முதலில் இறைத்துத் தனி வாளியில் ஊற்றுகிறாள். பிறகு ஊறி வருகிற புதுத் தண்ணீரைத்தான் பாட்டிலில் பிடிக்கிறாள். உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு வேறு பாட்டிலில் பிடிக்கிறாள். "குமிழி இருந்தா பெட்ரோல் அதுக்குள்ள ஓடிடும்மா, அப்புறம் முடிவு பொய் சொல்லும்" என்றாள். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நோட்டைப் பார்த்து, பெட்ரோல் எதுவரை போயிருக்கும் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே இருக்கிற கிணறுகளைச் சோதிப்பார்கள், வெளியே இருப்பதைத் தொடமாட்டார்கள். கோடு ஐந்தாவது வீட்டோடு நிற்கிறது. தெருக்கோடித் தையல்காரி வீடு வெளியே. அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். "பங்க் அம்மா, உங்க பெட்ரோல் என் வீடு வரைக்கும் நடக்காதாம், பாதியிலேயே கால் வலிச்சு உட்கார்ந்துடுச்சாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் வீட்டில் குடிக்க, சமைக்க எல்லாம் அந்தக் கிணறுதான்.

வேறு விசேஷமில்லை. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், எழுத்து கொஞ்சம் பெரிசாக விழுகிறது.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

புதுக் கண்ணாடி போட்டும் என் கடிதத்தில் ஒரு பாதி உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வாசம் பற்றி நான் எழுதினதைச் சொன்னாயா இல்லையா?

யோசித்துப் பார்த்தேன். நான் அந்த வாசத்தைச் சொன்னது, என்னை அங்கிருந்து அனுப்புவதற்குச் சில மாதம் முன்னால். அப்படியென்றால் பதினாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டாங்கி அப்போதே கசிந்திருந்தால் உன் நோட்டில் தெரிந்திருக்க வேண்டுமே! மாலையில் பூட்டும்போது இருந்தது காலையில் இருக்காதே! கோலில் சாக்கட்டி தேய்த்து இறக்கி, நனைந்த கோட்டை மயிரிழை தப்பாமல் படிக்கிறவள் நீ. உன் கண்ணுக்குத் தப்பியிருக்குமா?

நோட்டு என்ன சொல்கிறது? எடுத்துப் பார்த்து எழுது.

இடது காதுக்கு மருந்து ஊற்றுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 8

தம்பிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது என்று ஆரம்பித்தேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முழங்கால் எப்போதும் போலத்தான் இருக்கிறது.

போன வாரம் தையல்காரி ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து என் மூக்கருகே வைத்தாள். "தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டா ஒரு மாதிரி வாசம் வருதே, பாருங்க, என் மூக்குல கோளாறா?" என்றாள். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும் அந்த வாசம். "மூக்குலதான் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாய் கூசாமல் சொன்னேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நோட்டு என்ன சொல்கிறது என்று கேட்டாய். நோட்டு பொய் சொல்கிறது.

நீ போவதற்கு ஏழு மாதம் முன்னால் ஒரு காலை, கோலில் ஒரு விரல்கடை குறைந்திருந்தது. மாலையில் நானே அளந்து பூட்டியது. கோலைத் துடைத்து மறுபடி இறக்கினேன். அதே குறைவு. அடுத்த நாளும் அப்படியே. பம்பின் சாவி உன் இடுப்பில். பங்கில் படுப்பது நீ. அந்த மாதம்தான் உன் கையில் புதுக் கைக்கடிகாரம். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்குத் திருதிருவென்று முழித்தாய்.

நீ எடுத்து விற்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

அத்தானுக்குத் தெரிந்தால் உன்னைத் தெருவில் நிறுத்திவிடுவார் என்று பயம். காலைப் பக்கத்தில் மாலை எண்ணையே எழுதினேன். குறைந்ததை லாரி இறக்கும்போது கொஞ்சம், வெயிலில் ஆவியானது கொஞ்சம் என்று பிரித்துப் போட்டேன். வாசம் வருகிறது என்று நீ வந்து சொன்னபோது, திருடிவிட்டுக் கதை கட்டுகிறான் என்றுதான் அப்படிப் பார்த்தேன்.

ஆனால் உண்மை எண்ணை எங்கேயாவது எழுதாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். சாமான் அறைக் கதவின் உள்பக்கம், மழைக்கோட்டு மாட்டுகிற ஆணிக்குக் கீழே, பென்சிலால் தேதி போட்டு எழுதிவந்தேன். இன்னும் இருக்கிறது.

உன்னை அனுப்பியது அத்தான் இல்லை. நான். வெளியூரில் அவனுக்கு வேலை பாருங்கள் என்று அவரை அரித்தவள் நான். "அத்தான் முடிவு பண்ணிட்டார், நான் என்ன செய்யறது" என்று உன்னிடம் சொன்னதும் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அக்கா

ஜூன் 30

கடிகாரம் அத்தான் கொடுத்தது.

நான் விடியற்காலையில் எழுந்திருக்கத் தடுமாறுகிறேன் என்று அவரே கடைக்குக் கூட்டிப் போய் வாங்கிக் கட்டிவிட்டார். "உங்க அக்காகிட்ட சொல்லாதடா, தம்பிக்குச் செல்லம் குடுத்துக் கெடுக்கறேன்னு ஒரு வாரம் என்னைக் காய்ச்சுவா" என்றார். அதனால்தான் முழித்தேன்.

கடிகாரம் கட்டிவிட்ட மனுஷன் ஏன் என்னை விரட்டினார் என்று பதினாலு வருஷம் யோசித்திருக்கிறேன். அவர் இரண்டு கடிதம் போட்டார். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அவர் இறந்துவிட்டார் என்று தந்தி மாதிரி உன் செய்தி வந்தபோது லீவு கையில் இருந்தும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

தையல்காரிக்கு இன்னும் சொல்லவில்லையா? முதலில் அதைச் செய்.

ஒன்று கேட்கிறேன். கதவில் தேதி போட்டு எழுதினாயே, கடைசித் தேதி என்ன?

ஜூலை 15

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே தையல்காரி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, "இனிமே இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்காதே, சமைக்காதே, காரணம் நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாள் பாட்டில்காரியை வரவழைத்து மழைக்கோட்டை எடுத்துவிட்டுக் கதவைக் காட்டினேன்.

அவள் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தாள். கைபேசியில் கதவைப் படம் எடுத்தாள். பிறகு, "ஏம்மா இதை முதல்லயே காட்டல?" என்றாள். நோட்டைப் புகழ்ந்த அதே வாய். "உங்க வீட்டுக்காரர் இறந்த பிறகு, பங்க் நடந்த கடைசி நாலு மாசம்தான் நோட்டுல குறைவு எழுதியிருக்கீங்க. நாலு மாசக் கசிவுன்னு நம்பி நாங்க கோடு போட்டோம். இதைப் பார்த்தா மூணு வருஷத்துக்கும் மேல. அது தெருக்கோடியைத் தாண்டியே போயிருக்கும்" என்றாள். புதுசாக நாலு துளை போடப் போகிறார்கள். தையல்காரி கிணற்றிலும் தண்ணீர் பிடித்தாயிற்று.

இன்னொன்றும் சொன்னாள். தோண்டி எடுத்த டாங்கியில் துரு அதிகமில்லையாம். ஓட்டை ஒரே ஒரு இடத்தில், குண்டூசி நுழைகிற அளவு, கோல் இறக்கும் வாய்க்கு நேர் கீழே. கோலின் நுனியில் பித்தளைப் பூண் போட்டிருந்தோமே! தினம் இரண்டு வேளை, அத்தனை வருஷம், ஒரே இடத்தில் அது குத்திக் குத்தித் தகடு தேய்ந்து போயிருக்கிறது. அடியில் டங்கென்று சத்தம் கேட்டால்தான் எனக்கு மனசு நிறையும். மெதுவாக இறக்குங்கள் அம்மா என்று யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த ஓட்டையைப் போட்டது நான்தான். உன் மேல் பழியையும் போட்டேன்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா

ஜூலை 29

கதவில் கடைசித் தேதி என்ன?

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நீ பஸ் ஏறிய மறுநாள் காலையில் கோலை இறக்கினேன். ஒன்றரை விரல்கடை குறைவு. சாவி என் இடுப்பில் இருந்தது. பங்கில் யாரும் படுக்கவில்லை.

கோலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நீ போய்ச் சேர்ந்திருக்கக்கூட மாட்டாய்.

கதவில் கடைசித் தேதி, உன் அத்தான் கண்ணை மூடுவதற்கு முந்தின நாள்; அதற்கப்புறம் மறைக்க அவர் இல்லை, நோட்டிலேயே எழுதினேன். நீ போனபின் இரண்டு வருஷமும் எட்டு மாதமும். அத்தனை நாளும் தெரியும், நீ எடுக்கவில்லை என்று. கோல் தேய்ந்திருக்கும், தரை இறங்கியிருக்கும் என்று தினம் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன்னைத் திரும்பக் கூப்பிட்டால் ஏன் அனுப்பினாய் என்று நீ கேட்பாய். அவரும் கேட்பார். நோட்டை எடு என்பார். "என் வீட்டுக்காரி எழுதின எண்ணு, லாரிக்காரன் வந்து அடிச்சு சொன்னாலும் மாறாது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனுஷர் முன்னால் அந்த நோட்டு பொய்யாகிவிடும். தம்பியைவிட நோட்டு பெரிசாகப் போய்விட்டது எனக்கு.

அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் டாங்கியை மூடியிருப்பார்கள். தெருக்கோடி வரை போயிருக்காது. நீ அவர் முகத்தைப் பார்த்திருப்பாய்.

தையல்காரி கிணற்று முடிவு வந்துவிட்டது. கெட்டுப்போயிருக்கிறது. எத்தனை வருஷமாக என்று யாராலும் சொல்ல முடியாதாம். இப்போது லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவளையும் அவள் பெண்களையும் டாக்டர் பார்க்கிறார், இதுவரை ஒன்றுமில்லை, வருஷா வருஷம் பார்க்கணும் என்றிருக்கிறார். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தைக்கக் கொடுத்திருந்த துணியைத் தைக்காமலே மடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது எதிரில் வந்தால் பங்க் அம்மா என்று கூப்பிடுவதில்லை.

நீ போன அன்று உன் அத்தான் என்ன செய்தார் என்று உனக்குச் சொல்லவேண்டும். எழுத வரவில்லை. நேரில் வந்தால் வாயால் சொல்லிவிடுகிறேன்.

கோபம் இருந்தாலும் காதுக்கு மருந்தை நிறுத்தாதே.

அக்கா

அக்டோபர் 3

தம்பிக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை. நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும் எழுதுகிறேன்.

பாட்டில்காரி போன வாரம் வந்தாள். புதுக் குழாயில் தண்ணீர் மட்டத்தை மாதம் ஒருமுறை யாராவது படித்து எழுதினால் உதவியாக இருக்கும் என்றாள். அவளாகவே நாடாவை என் கையில் கொடுத்து, "நீங்க எழுதறீங்களாம்மா? ஆனா ஒரு நிபந்தனை. நீங்க படிக்கும்போது பக்கத்துல இன்னொருத்தர் நின்னு பார்த்துக் கையெழுத்து போடணும்" என்றாள். சரி என்றேன். என் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொருத்தர் கையெழுத்து! எதிர்த்துப் பேச என்னிடம் என்ன இருக்கிறது?

யார் வந்து நிற்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரியின் பெரிய பெண் வந்தாள். நாடாவைக் குனிந்து பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள், போய்விட்டாள்.

கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன், அழியாமல் இருக்க.

அக்கா

நவம்பர் 20

அக்காவுக்கு,

தம்பி. முழங்கால் எப்படி இருக்கிறது? கடிதம் போடாத நாளிலும் அதை நினைத்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

மன்னித்துவிட்டேன் என்று மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும், காலைப் பக்கத்தில் மாலை எண்ணை எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். உள்ளபடி எவ்வளவு இருக்கிறதோ அதை வந்து அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பரில் பாட்டில்காரி வருகிற வாரம் வருகிறேன். எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்காதே. கதவைப் பார்க்கவேண்டும். தையல்காரியையும் பார்க்கவேண்டும். வாசம் வருகிறது என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, நீ முறைத்து, அத்தான் சிரித்ததும் நானும் வாயை மூடிக்கொண்டு போனவன்தானே.

இடது காதும் போய்விட்டது. மழை பெய்வது ஜன்னலைப் பார்த்தால்தான் தெரிகிறது. அதனால் நேரில் வந்தால் வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாயே, அது நடக்காது. நீ எவ்வளவு கத்தினாலும் எனக்கு உதடு அசைவதுதான் தெரியும். ஒரு புது நோட்டும் பென்சிலும் வாங்கி வை. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ எழுது, நான் படிக்கிறேன்.

முதல் பக்கத்தில், நான் பஸ் ஏறிய அன்று அத்தான் என்ன செய்தார் என்று எழுது. படித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

கடிகாரம் இன்னும் ஓடுகிறது. கட்டிக்கொண்டு வருகிறேன்.

தம்பி